புள்ளி அழிந்த உறை

இந்த வருஷம் ஜனவரி பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வாடைக் காற்று குடையை மடக்கும் அளவுக்கு இல்லை, இருக்கிற முடியைக் கலைக்கும் அளவுக்கு இருந்தது. திரேஸ்புரத்தில் செபஸ்தியான் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை இரண்டு தடவை அழுத்தினேன். இடது கையில் அரைக் கிலோ மக்ரூன் இனிப்பு. சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், முப்பது வருஷத்துக்கு முந்தைய கார்பன் நகல் ஒன்று. அவர் கதவைத் திறப்பதற்குள் என் நாடியைப் பிடித்து எண்ணினேன். தொண்ணூற்றாறு. எனக்கு எழுபத்திரண்டு தாண்டினால் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் அங்கே போகக் காரணம் பிரின்ஸி. கன்டெய்னர் முனையத்தில் கணினி முன் வேலை பார்க்கும் பெண். கவிதையும் கதையும் எழுதுகிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். உறுப்பினர் நாற்பத்து நான்கு பேர், என்னையும் சேர்த்து. டிசம்பரில் ஒருவர் அதில் பதினாறு வரிக் கவிதை ஒன்று போட்டார். நான் மாலை வரை பார்த்தேன். கட்டைவிரல் பதினெட்டு, கூப்பிய கை ஒன்பது, பூங்கொத்து நான்கு. வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கவிதை நன்றாக இருந்ததா இல்லையா என்று எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் வராததால் மறுபடியும் மறுபடியும் கேட்டேன். கடைசியில் பிரின்ஸி என்னைப் போனில் அழைத்தார்.

“அண்ணாச்சி, குறை சொல்லுததுக்கு மட்டும் ஆறு மெசேஜ் போட்டுட்டிய. உங்க காலத்துல எப்படித்தான் செஞ்சியன்னு எழுதிக் குடுங்களேன். ஆண்டு மலர்ல போடுவோம்.”

எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காகித உறையைப் பற்றி எழுதாமல் முடியாது. அதை எழுதினால் செபஸ்தியான் படிப்பார். அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட நேரில் சொல்வது மரியாதை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் முப்பத்தேழு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தேன். ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் ஆகிறது. டாலி என்றால் எண்ணிக்கை. கன்டெய்னர் பரவுவதற்கு முன்னால் முந்திரியும் பருப்பும் உரமும் மூட்டை மூட்டையாகத்தான் வந்து இறங்கும். கப்பலின் பக்கம் ஒருவர், கரையின் பக்கம் ஒருவர். இருவரும் ஒரே சரக்கைத் தனித்தனியாக எண்ண வேண்டும். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஐந்து. அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வித்தியாசம் வந்தால் வித்தியாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மூட்டை கிழிந்திருந்தால் ‘கிழிசல்’, நனைந்திருந்தால் ‘நனைவு’ என்று ஓரத்தில் குறிப்போம். இதைக் கற்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது பெட்டியின் எண்ணைக் கேமரா படிக்கிறது. அது வெயிலில் நிற்கவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

எங்களுக்கு ஹெட் டாலியாக இருந்தவர் காயல்பட்டினத்துக்காரர், சாகுல் ஹமீது. அண்ணன் என்ற முறையில் எல்லோரும் காக்கா என்போம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தாளில் ஏதாவது இடறினால் அதை மேசையில் நம் பக்கம் திருப்பி வைப்பார். பேனா மூடியைக் கழற்றி, அதைப் பேனாவின் பின்னால் செருகி, தாளின் மேல் படுக்கவைப்பார். பிறகு ஒரே கேள்வி.

“எண்ணினீரா, நெனச்சீரா ஓய்?”

எண்ணினேன் என்றால் மேலே ஒரு சொல் கேட்காமல் கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருஷம் நான் அந்த ஒரு பதிலைத்தான் சொல்லி வந்தேன்.

காக்காவுக்குக் கவிதைப் பைத்தியம் இருந்தது. துறைமுகத்திலும் பக்கத்து அலுவலகங்களிலும் எழுதுகிற ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரு வட்டம் அமைத்தார். பதினொரு பேர், அதில் இரண்டு பெண்கள். எண்ணிக்கைக்கு வைத்த அதே முறையைக் கவிதைக்கும் வைத்தார். ஒவ்வொரு மாதமும் எழுதியதை உறையில் போட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பெட்டிகளில் சரக்குக்கு உரியவரின் குறி போட்டிருப்பதுபோல, உறையின் மேல் ஒரு குறி மட்டும். முக்கோணம், வட்டம், டைமண்ட், நடுவில் புள்ளி வைத்த டைமண்ட் என்று பதினொன்று. எது யாருடைய குறி என்பது காக்காவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படிப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். இருவரும் எழுதும் விமர்சனம் என்னிடம் வரும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக நான் எல்லாவற்றையும் என் கையெழுத்தில் படி எடுப்பேன். மேல் தாளில் குறி இருக்காது, அது உரிய உறைக்குள் போகும். அடியில் உள்ள கார்பன் நகலில் குறியை எழுதிக் கோப்பில் வைப்பேன். உறைகளைக் காக்கா கொண்டுபோய்ச் சேர்ப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு நான்கு மணிக்குக் கேன்டீனில் கூடுவோம். திருத்தியதை வாசிக்க விரும்புகிறவர் எழுந்து வாசிக்கலாம். அப்போதுதான் யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

நான் கவிதை எழுதியதில்லை. விமர்சனம் எழுதுவேன். அதையும் எனக்குத் தெரிந்த முறையில்தான் எழுதினேன்.

வேலையில் என் பதினெட்டாம் வருஷம், நவம்பர் மாதம். டைமண்ட் குறியிட்ட கவிதை படிக்க என்னிடம் வந்தது. பன்னிரண்டு வரி. ‘ஓ கடலே’ என்று தொடங்கி ‘ஓ அலையே’, ‘ஓ நுரையே’ என்று போனது. நான் எழுதிய விமர்சனம் இது: ‘வரி பன்னிரண்டு. ஓ ஏழு. உவமை ஒன்பது, அதில் எட்டு நனைந்த சரக்கு. இவர் எழுதுவதை நிறுத்தினால் தாளாவது மிஞ்சும்.’ கடைசி வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தேன்.

அதே மாதம் புள்ளி வைத்த டைமண்டைக் காக்கா படித்தார். அவர் எழுதியது: ‘முதல் ஒன்பது வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடைசி மூன்று வரியை இவரைத் தவிர ஒருவரும் எழுத முடியாது. ஒன்பதை எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். அடுத்த மாதம் உங்கள் உறைக்குக் காத்திருப்பேன்.’ இரண்டு கவிதைக்கும் இன்னொரு வாசகர் ஒருவரே. அவர் இரண்டுக்கும் ‘நன்று’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான் படி எடுத்த அன்று நல்ல மழை. கேன்டீனின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. காலி உறைகள் இருந்த மேசை இரண்டாவது இடத்துக்கு நேர் கீழே. துடைத்து எடுத்தபோது டைமண்ட் உறை இரண்டு இருந்தது, புள்ளி எதிலும் இல்லை. மை கரைந்துவிட்டது. காக்கா அன்று கப்பலில் இருந்தார். போய்க் கேட்டிருக்கலாம், நூற்றெண்பது அடி தூரம். புள்ளிக்காரர் எப்போதும் கொஞ்சம் அகலமான உறையில் அனுப்புகிறவர் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில், புள்ளியைத் திரும்ப வைக்காமலே, போட்டு ஒட்டினேன். உறையைப் பார்த்தே யார் கொடுத்தது என்று தெரிகிற காக்கா கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டிசம்பர் முதல் ஞாயிறு. சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் செபஸ்தியான் எழுந்தார். கனத்த உடம்பு. அதுவரை மதிய இடைவேளையில் ரம்மி ஆடுகிறவர் என்றுதான் அவரை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வரியை மூன்றாகக் குறைத்து வாசித்தார்.

‘சட்டையை முகர்ந்து பார்த்து
மகள் சொல்கிறாள்:
இன்றைக்கு முந்திரி.’

அங்கே இருந்த எல்லோர் வீட்டிலும் அந்தச் சட்டை இருந்தது. கைதட்டல் எழுந்தது. செபஸ்தியான் சொன்னார், “எனக்கு வந்த விமர்சனந்தான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு. எழுதுனவங்க யாருன்னு தெரியாது. நல்லா இருக்கணும்.”

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். நான் கண்டித்து எழுதியதால்தான் ‘ஓ’க்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்த மூன்று வரி என் கண்ணில் படவே இல்லையே என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

அந்தக் கவிதை கப்பல்கள் நிற்கும் பெர்த் முழுவதும் பரவியது. ஷிப்ட் மாறும்போது ஒருவரை ஒருவர் பார்த்து “இன்னைக்கு என்ன?” என்று கேட்பார்கள். “இன்னைக்கு உரம்” என்று பதில் வரும். செபஸ்தியான் ஒரு மைப் பேனா வாங்கினார். ரம்மிக்கு ஆள் குறைந்துபோனது என்று மூன்று பேர் என்னிடம் வந்து குறைப்பட்டார்கள்.

புள்ளி டைமண்ட் உறை மட்டும் டிசம்பரில் வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை. கூட்டத்தில் திலகவதியையும் காணவில்லை. பீச் ரோட்டில் ஒரு ஏஜென்சி அலுவலகத்தில் டைப்பிஸ்ட், அப்போது இருபத்தேழு வயது இருக்கும். பிப்ரவரியில் அந்த உறை வந்தது. உள்ளே கவிதை இல்லை. டைப் அடித்த மூன்று வாக்கியம் இருந்தது. ‘விமர்சகர் கவனத்துக்கு. என் கவிதையில் ஓ மூன்றுதான், தாங்கள் எண்ணியது ஏழு. இனி எனக்கு உறை வேண்டாம்.’

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏழை மூன்றாக்க நான் என்ன முதல் நாள் வேலைக்கு வந்தவனா. என் எண்ணிக்கை சரி என்று காட்டுவதற்காகவே கோப்பைப் பிரித்தேன். கார்பன் நகலில் ‘ஓ ஏழு’ என்பதற்கு மேலே டைமண்ட் போட்டிருந்தது. நடுவில் புள்ளி இல்லை. என் கையில் இருந்த உறையில் புள்ளி இருந்தது.

எண்ணிக்கை சரிதான். ஆள்தான் மாறிவிட்டது. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட நான் தவறான ஆளுக்கு அனுப்பியதில்லை. அனுப்பியது இந்த இரண்டு உறையைத்தான்.

கேன்டீன் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எண்ணவில்லை. பாராட்டு வர வேண்டிய பெண்ணிடம் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவரும் நிறுத்திவிட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னால், பாராட்டு யாரிடம் போனது என்று கேட்பார். செபஸ்தியானிடம் சொன்னால் மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு ரம்மிக்குப் போய்விடுவார். ஒருவருக்குச் சரி செய்தால் இன்னொருவருக்குக் கெடும்.

காக்காவிடம் கொண்டுபோனேன். நகலையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். படுக்கவைத்தார்.

“எண்ணினீரா, நெனச்சீரா?”

“நெனச்சேன் காக்கா.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அந்தப் புள்ளைக்கு உள்ளதை அந்தப் புள்ளைகிட்டக் கொண்டு குடும். நீரே போவும், ஆள் அனுப்பப்படாது.”

“செபஸ்தியானுக்கு?”

“அவரு சரக்க அவிச்சுத் தின்னாச்சு ஓய். தின்னவன்கிட்டத் திருப்பிக் கேக்கவா முடியும்?”

மறுநாள் மதியம் பீச் ரோட்டுக்குப் போனேன். மாடிப் படி இருபத்து மூன்று. திலகவதி டைப் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு தப்பு நடந்துவிட்டது என்றேன்.

“திருப்பி எண்ணிட்டியளா அண்ணாச்சி?”

அந்த விமர்சனம் என்னுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“இந்த ஊர்ல கவிதைய எண்ணுத ஆளு வேற யாரு இருக்கா? எண்ணத் தெரியாத மனுசன் சொன்னதுக்கு நாம ஏன் வருத்தப்படணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனாலும் வருத்தமாத்தான் இருந்துச்சு.”

காக்கா எழுதியதைப் புதிதாகப் படி எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். படித்தார். கண் மறுபடி மேல் வரிக்குப் போனதைப் பார்த்தேன். இரண்டாம் தடவை படித்து முடித்ததும் மெஷினில் இருந்த தாளை உருவிக் கீழே வைத்தார்.

“இது இத்தனை நாளும் யாருகிட்ட இருந்துச்சு?”

வட்டத்தின் விதிப்படி சொல்லக் கூடாது என்றேன்.

“முந்திரிதான?”

என் முகம் ரகசியம் காக்கிற முகம் இல்லை. திலகவதி வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவர்ட்ட சொல்லிராதிய. எழுதிட்டிருக்க மனுசன் கையத் தட்டிவிட்ட மாதிரி ஆயிரும். அவரா எழுதுததை நிறுத்துனாருன்னா அப்பம் சொல்லிக்கிடலாம்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உங்களுக்குத் தண்டனை உண்டு அண்ணாச்சி. அடுத்த மாசம் நீங்க ஒரு கவிதை எழுதி உறையில போடணும். எண்ணிட்டே இருக்கியள்லா, ஒரு தடவ மூட்டையா வந்து இறங்குங்க. அப்பம்தான் நானும் உறை அனுப்புவேன்.”

இருபத்தேழு நாள் எழுதினேன். அறுபத்தொரு தாள் வீணானது. ‘கொக்கி’ என்று தலைப்பு, பதினான்கு வரி. காக்கா வேண்டுமென்றே அதைச் செபஸ்தியானுக்கும் திலகவதிக்கும் கொடுத்தார். எனக்குள்ள விமர்சனத்தை நானே படி எடுக்கக் கூடாது என்று அந்த ஒரு தடவை அவரே எழுதினார். உறையைக் கையில் வாங்கிப் பிரிக்காமல் வீடு வரை கொண்டுபோனேன். நான்கு கிலோமீட்டர். வழியில் இரண்டு தடவை நின்றேன்.

ஒரு விமர்சனம்: ‘கொக்கி இருக்கிறது. சரக்கைக் காணோம்.’ மற்றது: ‘பதினான்கு வரியையும் தூக்கிப் பார்த்தேன். கனம் இல்லை.’

காக்கா கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வட்டம் தொடங்கியதிலிருந்து வித்தியாசமே இல்லாமல் பொருந்திய டாலி இது ஒன்றுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் செபஸ்தியான். அன்று திலகவதியும் தன் மூன்று வரியை வாசித்தார்.

‘நாற்பது கடிதம் அடித்தேன் இன்று.
எல்லாவற்றிலும் கையெழுத்து
வேறு ஒருவருடையது.’

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இருநூற்றுக்கு மேல் விமர்சனம் எழுதினேன். ‘நிறுத்தினால்’ என்ற சொல் அவற்றில் ஒரு இடத்திலும் இல்லை. நகல் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

காக்கா காலமாகி ஒன்பது வருஷம். செபஸ்தியான் எழுதுவதை நிறுத்தவே இல்லை, நானூறைத் தாண்டிவிட்டார். போன வருஷம் அதில் நூற்றிருபதை எடுத்துப் புத்தகமாக்கினார். முந்நூறு பிரதி. பின்னட்டையில் ‘என்னை எழுத வைத்த விமர்சனம்’ என்று தலைப்புப் போட்டு அந்தத் தாளைப் படம் எடுத்து அச்சிட்டிருந்தார். காக்காவின் வார்த்தை, என் கையெழுத்து, திலகவதியின் பாராட்டு. எனக்குத் தந்த பிரதியை அலமாரியில் முன்னட்டை தெரியும்படிதான் வைத்திருக்கிறேன்.

திலகவதி இப்போது ஓட்டப்பிடாரத்தில் இருக்கிறார். ஜனவரியில் போன் செய்து நிலைமையைச் சொன்னேன்.

“இன்னுமா எழுதிட்டிருக்காரு? அப்பம் அவரு நிறுத்தப் போறதில்ல அண்ணாச்சி. சொல்லிருங்க. நமக்கும் வயசாகுது.”

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திரேஸ்புரத்தில் நின்றேன். செபஸ்தியான் பூசை முடிந்து வந்த வேட்டி சட்டையோடு கதவைத் திறந்தார். நான் உட்காராமலே உறை மாறிய கதையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு வந்திருக்க வேண்டிய விமர்சனத்தின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். வெளியே ஒரு மீன் வண்டி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

“இதை எழுதுனது யாரு வே?”

“நான்தான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பழைய கவிதையின் ஒன்பது வரியை ‘ஓ கடலே’யிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார்.

“ஏழு இல்ல வே. எட்டு. ஆறாவது வரியில ரெண்டு ‘ஓ’ உண்டு.”

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். நானும் எண்ணினேன். எட்டுதான்.

அவர் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “இது அன்னைக்கே எங்கிட்ட வந்திருந்தா நான் ரம்மிக்கே போயிருப்பேன். எட்டு ‘ஓ’வுக்கு இவ்வளவு ஏச்சு நியாயந்தான். ஆனா அந்த மூணு வரி உம்ம கண்ணுல எப்படிப் படாமப் போச்சு?”

“‘ஓ’வை எண்ணிட்டிருந்தேன்.”

அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. அந்தப் பெண் முப்பது வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். அந்தப் பாராட்டுக்கு உரிய கவிதை எது என்று கேட்டார். திலகவதியின் மூன்று வரியைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய் அட்டைப் பெட்டியை இழுத்து வந்தார். விற்காத பிரதிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர் எண்ணினார், நானும் தனியாக எண்ணினேன்.

“சீட்டு அடிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒட்டணும். இந்த விமர்சனம் திலகவதி கவிதைக்கு எழுதுனது, உறை மாறி எனக்கு வந்துட்டுன்னு. கீழ அவங்க மூணு வரியும் அவங்க பேரும் இருக்கணும். செலவு உம்மது.”

சீட்டு இருநூற்று இருபது அடித்தேன், எட்டு உபரி. பிப்ரவரி முதல் ஞாயிறு நான்கு மணிக்குத் திலகவதியும் வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டினோம். முதல் பிரதியில் சீட்டைத் தலைகீழாக ஒட்டியது நான். உபரி இருந்ததால் பாதகமில்லை. முதலில் செபஸ்தியான் திலகவதியின் வரியை வாசித்தார், பிறகு திலகவதி செபஸ்தியானின் வரியை வாசித்தார். என் ‘கொக்கி’யையும் கேட்டார்கள். மறந்துவிட்டது என்றேன். திலகவதி பதினான்கு வரியையும் ஒப்பித்தார்.

சீட்டு அச்சுக்கு அறுநூற்று அறுபது. பசை இரண்டு பாட்டில் எழுபது. மக்ரூன் நானூற்று எண்பது. ஆட்டோ இரண்டு நாளைக்கும் சேர்த்து நூற்று அறுபது. நான் ஒரு தாளில் கூட்டினேன். செபஸ்தியான் எட்டிப் பார்க்காமல் இன்னொரு தாளில் கூட்டினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் இல்லை: ஆயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.